தீயை மெஷின் பார்க்கட்டும், கறியை நீங்கள் பாருங்கள்

கம்ப்யூட்டர் என்றவுடன் மானிட்டர், கீபோர்டு, மவுஸ் மூன்றும்தான் நம் கண்முன் வரும். ஆனால் இவை எதுவுமே இல்லாத கம்ப்யூட்டர்கள்தான் இன்று வீடுகளில் அதிகம். வாஷிங் மெஷினில் ஒன்று, மைக்ரோவேவில் ஒன்று, ஏசியில் ஒன்று. இந்த வரிசையில் அமெரிக்க வீடுகளின் கொல்லைப்புறத்தில் நிற்கும் ஒரு கம்ப்யூட்டரைப் பற்றி இந்த மாதம் எழுதுகிறேன். அதன் பெயர் பெல்லட் கிரில். இறைச்சியை விறகுப் புகையில் வேக வைக்கும் அடுப்பு அது.

நான் வேலை பார்க்கும் டெக்சாஸில் நம்மவர்கள் பலரும் இதை வாங்குகிறார்கள். வாங்கியவுடன் என்னைப் போன்ற சாப்ட்வேர்காரர்களிடம் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இதற்கு எந்த ஆப் நல்லது?" என்பதுதான். என் பதில் அவர்களுக்குப் பிடிப்பதில்லை. முதல் பத்துச் சமையலுக்கு ஆப்பே வேண்டாம் என்கிறேன். ஏன் என்பதைப் பார்ப்போம்.

உள்ளே என்ன இருக்கிறது?

1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது, வீட்டைச் சூடாக்க எண்ணெய்க்கு மாற்று தேட வேண்டிய நிலை அமெரிக்காவில் ஏற்பட்டது. மர ஆலைகளில் மிஞ்சும் தூளை அழுத்தி, சுமார் 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள சிறு குச்சிகளாக்கி எரிக்கும் பழக்கம் அதன் பிறகு பரவியது. இந்தக் குச்சிகள்தான் பெல்லட். மரத்தில் இயற்கையாகவே உள்ள லிக்னின் என்ற பொருள் சூட்டில் இளகித் தூளை ஒட்டி வைத்துக்கொள்ளும். 1980களில் ஓரிகான் மாநிலத்தைச் சேர்ந்த ஜோ டிரேகர் என்பவர் இந்த பெல்லட்டில் எரியும் சமையல் கிரில்லை உருவாக்கினார். 2000களில் பேடன்ட் காலம் முடிந்த பிறகு மற்ற நிறுவனங்களும் இறங்கிவிட்டன.

இதன் அமைப்பு மிக எளிது. ஹாப்பர் என்ற தொட்டியில் பெல்லட்டைக் கொட்ட வேண்டும். தொட்டிக்கு அடியில் மோட்டாரால் சுற்றும் ஆகர் என்ற நீளமான திருகு இருக்கிறது. அது பெல்லட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு போய் ஒரு சிறிய இரும்புக் கிண்ணத்தில் போடும். அங்கே மின்சாரத்தில் பழுக்கக் காயும் ஒரு கம்பி தீ மூட்டும். ஒரு பேன் காற்று ஊதும். மூடிக்குள் இருக்கும் சென்சார் வெப்பத்தை அளந்து கன்ட்ரோலருக்குச் சொல்லும்.

கம்ப்யூட்டர் வகுப்பில் முதல் நாள் சொல்லித்தருவார்களே, இன்புட், பிராசஸ், அவுட்புட் என்று? அதேதான் இங்கும். சென்சார் சொல்லும் வெப்பம் இன்புட். கன்ட்ரோலர் போடும் கணக்கு பிராசஸ். திருகும் பேனும் ஓடுவது அவுட்புட்.

கன்ட்ரோலர் எப்படிக் கணக்குப் போடுகிறது?

பழைய மாடல்களில் வெறும் டைமர்தான். திருகு 15 விநாடி சுற்றும், பிறகு ஏறக்குறைய ஒரு நிமிடம் நிற்கும், மறுபடி சுற்றும். வெளியே குளிர் அடித்தால் உள்ளே சூடு குறைந்துவிடும். இப்போது வரும் நல்ல மாடல்களில் பி.ஐ.டி. என்ற முறை இருக்கிறது. இது சமையலுக்காகப் பிறந்த கணக்கு அல்ல. கப்பலைத் தானாகத் திசை மாறாமல் ஓட்டுவது எப்படி என்று ஆராய்ந்த நிக்கோலஸ் மினோர்ஸ்கி 1922-ல் எழுதிய கட்டுரையில் இதன் அடிப்படை இருக்கிறது.

பி.ஐ.டி. மூன்று கேள்விகளைக் கேட்கும். இப்போது எவ்வளவு குறைகிறது? இதுவரை மொத்தம் எவ்வளவு குறைந்திருக்கிறது? எவ்வளவு வேகமாக மாறிக்கொண்டிருக்கிறது? மூன்றுக்கும் பதிலைச் சேர்த்து, எத்தனை பெல்லட் போடலாம் என்று முடிவு செய்யும். குளிக்கும்போது சுடுதண்ணீர்க் குழாயையும் பச்சைத்தண்ணீர்க் குழாயையும் மாற்றி மாற்றித் திருகிச் சரிசெய்கிறோமே, அந்த வேலையை இது சலிக்காமல் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் செய்கிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கணக்கில் கறியைப் பற்றி எதுவுமே இல்லை. மூடிக்குள் இருக்கும் காற்றின் வெப்பத்தை மட்டும்தான் கன்ட்ரோலர் காப்பாற்றுகிறது. உள்ளே இருப்பது கோழியா, சோளக்கதிரா, காலித் தட்டா என்பது அதற்குத் தெரியாது. பேனலில் தெரியும் 225 டிகிரி பாரன்ஹீட் அடுப்பின் வெப்பம். கறியின் வெப்பம் வேறு. புதிதாக வாங்குபவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதில்தான் எல்லாச் சிக்கலும் தொடங்குகிறது.

வெந்தது என்றால் என்ன?

"அதற்குத்தான் கறியில் குத்தி வைக்கும் புரோப் இருக்கிறதே, ஆப்பில் அலாரம் அடிக்குமே?" என்று கேட்பீர்கள். அலாரம் அடிக்கும். எந்த எண்ணில் அடிக்க வேண்டும் என்று சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். அந்த எண்ணை ஆப்பிடமே கேட்டு வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்.

என்னுடன் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் ஜூலை 4 விடுமுறைக்கு எங்களை அழைத்திருந்தார். எட்டு பவுண்டு, அதாவது சுமார் 3.6 கிலோ பன்றித் தோள்கறி. காலை ஆறு மணிக்கே ஏற்றிவிட்டார். மாலை ஐந்துக்குத் தயார் என்றது ஆப். மதியம் இரண்டு மணிக்குக் கறியின் வெப்பம் 160-ஐ ஒட்டி வந்து நின்றது. மூன்று மணிக்கும் அதே எண், நான்கு மணிக்கும் அதே எண். மெஷின் கெட்டுவிட்டது என்று அவர் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டார். ஐந்தரைக்கு 165-ல் அலாரம் அடித்தது. எடுத்து வெட்டினார். சாப்பிட்டால் உடம்புக்கு எந்தக் கெடுதலும் இல்லை, ஆனால் மென்று விழுங்க முடியவில்லை.

மெஷின் கெடவில்லை. பெரிய இறைச்சித் துண்டு ஏறக்குறைய 150-லிருந்து 170 டிகிரி வரை உள்ள இடத்தில் பல மணி நேரம் நிற்கும். இதை ஸ்டால் என்கிறார்கள். மண்பானையில் தண்ணீர் எப்படிக் குளிர்கிறது? பானையின் மேல் கசியும் ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. கறியிலும் அதே கதை. அடுப்பு தரும் சூட்டை, வெளியேறும் ஈரம் தின்றுவிடுகிறது. பொறுமையாக இருந்தால் தானாக ஏறும். அவசரம் என்றால் அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றிவிட்டால் ஆவி வெளியேறாது, வெப்பம் ஏறும்.

இன்னொரு விஷயம், வெந்தது என்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று பாதுகாப்பு. அமெரிக்க வேளாண்மைத் துறையின் கணக்குப்படி கோழிக்கு 165 டிகிரி (74 செல்சியஸ்), கொத்துக்கறிக்கு 160 (71 செல்சியஸ்), முழுத் துண்டு மாட்டுக்கறி, பன்றிக்கறிக்கு 145 (63 செல்சியஸ்) வந்து மூன்று நிமிடம் ஆற வேண்டும். மற்றொன்று பதம். தோள்கறியில் இருக்கும் கொலாஜன் என்ற நார் உருகி ஜெலட்டினாக மாறினால்தான் கறி பஞ்சுபோல உதிரும். அதற்கு 200 டிகிரியை (93 செல்சியஸ்) ஒட்டிப் போக வேண்டும். பாதுகாப்பை அட்டவணை சொல்லிவிடும். பதத்தைக் குச்சியால் குத்திப் பார்த்துக் கைதான் சொல்ல வேண்டும்.

நிறத்தையும் நம்பாதீர்கள். நம் வீட்டில் குழம்புக் கறியின் நிறத்தைப் பார்த்தே வெந்துவிட்டது என்போம். புகையில் வெந்த கறி, உள்ளே முழுவதும் வெந்த பிறகும் ஓரத்தில் இளஞ்சிவப்பாகத்தான் இருக்கும். புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகள் இறைச்சியின் நிறமியோடு சேர்வதால் வரும் நிறம் அது. இதைப் பார்த்து வேகாததை வெந்தது என்றும், வெந்ததை வேகவில்லை என்றும் நினைத்துவிடலாம். உடனே வெப்பம் காட்டும் சிறிய தெர்மாமீட்டர் ஒன்றைத் தனியாக வாங்கி, தடிமனான இடத்தில், எலும்பில் படாமல் குத்திப் பாருங்கள். குழந்தைகளும் வயதானவர்களும் சாப்பிடப் போகும் கோழி இது. இதில் ஊகத்திற்கு இடமில்லை.

பெல்லட் கிரில் கெட்டதா?

இல்லவே இல்லை. கரியடுப்புக்காரர்கள் இதைச் சோம்பேறி அடுப்பு என்று கேலி செய்வார்கள். நான் அந்தக் கட்சி அல்ல. புரோகிராமில் பிழை தேடும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்போம். நான்கைச் சேர்த்து மாற்றினால் எதனால் சரியானது என்றே தெரியாது. கரியடுப்பில் தீயும் மாறும், கறியும் மாறும். புதியவருக்கு ஒன்றும் விளங்காது. பெல்லட் கிரில் தீயை அசையாமல் பிடித்துக்கொள்வதால், கறி என்ன ஆகிறது என்பதை மட்டும் நீங்கள் கவனிக்கலாம். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல அடுப்பு கிடையாது. ஆப் கையில் இருந்தால் அந்தக் கவனிப்பையும் அதனிடம் கொடுத்துவிடுகிறோம். பத்து முறை சமைத்த பிறகும் முதல் நாள் தெரிந்ததற்கு மேல் ஒன்றும் தெரியாது.

எங்கே தொடங்குவது?

எலும்போடு கூடிய கோழித் தொடையில் தொடங்குங்கள். விலை குறைவு, ஒரு மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிடும், சற்று அதிகம் வெந்தாலும் காயாது. 165-ல் ஒரு துண்டை எடுங்கள், 180-ல் இன்னொன்றை எடுங்கள். இரண்டையும் தின்று பார்த்தால் பாதுகாப்புக்கும் பதத்துக்கும் உள்ள வித்தியாசம் நாக்கிலேயே தெரியும். பிறகு தோள்கறிக்குப் போகலாம். விலை அதிகமான பிரிஸ்கட்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டில் நேரம், அடுப்பின் வெப்பம், கறியின் வெப்பம் மூன்றையும் அரை மணிக்கு ஒருமுறை எழுதுங்கள். மூடியை அடிக்கடி திறக்காதீர்கள். திறந்தால் சூடு இறங்கும், கன்ட்ரோலர் பெல்லட்டை அள்ளிப் போடும், பிறகு சூடு எகிறும்.

மெஷினுக்கும் சில விதிகள் உண்டு. முதல் சமையலுக்கு முன் மேனுவலில் சொன்னபடி ஒருமுறை வெறுமனே எரிய விடுங்கள். வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்காதீர்கள். கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்வதுபோல இதற்கும் ஷட் டவுன் உண்டு. கிண்ணத்தில் மிச்சமுள்ள பெல்லட் எரிந்து தீரும்வரை பேன் ஓட வேண்டும். இல்லாவிட்டால் நெருப்பு திருகு வழியாகத் தொட்டியை நோக்கிப் பரவலாம். பெல்லட் நனைந்தால் ஊதித் தூளாகி, திருகு அடைத்துக்கொள்ளும். கொழுப்பு தீப்பிடித்தால் மூடியைச் சாத்தி அணையுங்கள், தண்ணீர் ஊற்றக் கூடாது. சமைத்த கறியை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். வெயில் 90 டிகிரியைத் (32 செல்சியஸ்) தாண்டினால் ஒரு மணி நேரம்தான்.

வாங்கும் முன் கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். வைபை இல்லாமல், போன் இல்லாமல், பேனலில் உள்ள பட்டன்களை மட்டும் வைத்து முழுச் சமையலையும் முடிக்க முடியுமா? முடியாது என்றால் வேறு மாடல் பாருங்கள். இன்டர்நெட் போன அன்று கொல்லையில் ஒரு இரும்புப் பெட்டியும் அதற்குள் பாதி வெந்த கோழியும் இருப்பதில் யாருக்கும் லாபம் இல்லை.

பத்துச் சமையல் முடிந்த பிறகு ஆப்பைத் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள். அப்போது அது சொல்லும் எண் சரியா, தப்பா என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.