விலங்குகளில் தொற்றைக் கண்டறியும் ஆய்வகங்கள் பெருகுகின்றன. முடிவு வந்த பிறகு உரிமையாளருக்கு என்ன வழி?

புதுதில்லி: 2018-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தலைநகரின் மேற்குப் பகுதியில் இருந்த சில குதிரைகளின் இரத்த மாதிரிகள் அரியானா மாநிலம் ஹிசாரில் உள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையத்துக்கு அனுப்பப்பட்டன. அவற்றில் 'கிளாண்டர்ஸ்' தொற்று இருப்பது உறுதியானது. தில்லிக்குள் குதிரைகளைக் கொண்டு வருவதற்கும் கொண்டு செல்வதற்கும் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. மணமகனைக் குதிரையில் ஏற்றி ஊர்வலம் நடத்தும் வழக்கம் உள்ள நகரில், திருமணக் காலத்தில் வந்த அந்த முடிவு குதிரைக்காரர்களுக்குப் பேரிடியாக இருந்தது.

கிளாண்டர்ஸ் என்பது 'பர்கோல்டேரியா மல்லி' என்ற பாக்டீரியாவால் குதிரை, கழுதை, கோவேறு கழுதை ஆகியவற்றுக்கு வரும் நோய். மூக்கில் புண், சீழ் வடிதல், தோலில் கட்டிகள் ஆகியவை இதன் அறிகுறிகள். வெளியே எந்த அறிகுறியும் தெரியாமல் மாதக்கணக்கில் தொற்றைச் சுமக்கும் விலங்குகளும் உண்டு. தடுப்பூசி கிடையாது. மனிதர்களுக்கும் பரவக்கூடியது, உரிய சிகிச்சை இல்லாவிட்டால் உயிரைப் பறிக்கக்கூடியது. எனவே தொற்று உறுதியான விலங்கைக் கருணைக்கொலை செய்து, உடலைப் புதைக்கவோ எரிக்கவோ வேண்டும் என்பது விதி.

கால்நடைகள், செல்லப் பிராணிகள், வன விலங்குகள் ஆகியவற்றில் உள்ள தொற்றுக் கிருமிகளைக் கண்டறியும் திறனை வளர்க்க மத்திய அரசு கடந்த சில ஆண்டுகளாகப் பெரும் தொகையைச் செலவிட்டு வருகிறது. ஆனால் பரிசோதனை முடிவு கைக்கு வந்த மறுநாள் உரிமையாளர் என்ன செய்வார் என்ற கேள்வி, ஆய்வகக் கட்டடங்கள் பற்றிய அறிவிப்புகளில் அதிகம் இடம்பெறுவதில்லை. கண்காணிப்பு முறை வெற்றி பெறுமா என்பதைத் தீர்மானிக்கப் போவது அந்தக் கேள்விதான்.

25,000 ரூபாய் கணக்கு

குதிரை நோய்களுக்கான சட்டம் இந்தியாவுக்குப் புதிதல்ல. ஆங்கிலேயர் ஆட்சியில் 1899-ஆம் ஆண்டிலேயே கிளாண்டர்ஸுக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. ராணுவமும் போக்குவரத்தும் குதிரைகளை நம்பி இருந்த காலம் அது. அச்சட்டத்தின் இடத்தில் இப்போது நடைமுறையில் இருப்பது, விலங்குகளின் தொற்று நோய்களைத் தடுத்தல் மற்றும் கட்டுப்படுத்துதல் சட்டம், 2009. பட்டியலிடப்பட்ட நோய் இருப்பதாகச் சந்தேகம் எழுந்தால் உரிமையாளர் அதை அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டியது இச்சட்டப்படி கட்டாயம்.

கட்டாயம் என்று எழுதிவிடுவது எளிது. செங்கல் சூளையில் வண்டி இழுக்கும் கோவேறு கழுதையையோ, ஊர்வலக் குதிரையையோ நம்பி வாழும் குடும்பத்துக்கு அந்த விலங்குதான் முதலீடு. பல வேளைகளில் கடன் வாங்கிப் போட்ட முதலீடு. கிளாண்டர்ஸ் காரணமாகக் கொல்லப்படும் குதிரை ஒன்றுக்கு மத்திய, மாநில அரசுகள் பகிர்ந்து வழங்கும் இழப்பீடாகப் பல மாநிலங்களில் நடைமுறையில் இருந்து வந்த தொகை 25,000 ரூபாய். நல்ல குதிரையின் சந்தை விலை இதைவிடப் பல மடங்கு. அந்தத் தொகையும் உடனே கைக்கு வரும் என்ற உறுதி இல்லாதபோது, மூக்கில் புண் தெரிந்ததும் கால்நடை மருத்துவரைத் தேடிப் போவதா, அடுத்த சந்தைக்கு ஓட்டிச் செல்வதா என்று உரிமையாளர் யோசிக்கவே செய்வார். இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுப்பவரைக் குற்றவாளி என்று மட்டும் கருதினால் நோய் எங்கே போனது என்பது தெரியாமலே போகும்.

இந்த நடைமுறைச் சிக்கலை அரசும் ஓரளவு உணர்ந்திருப்பதாகவே தெரிகிறது. கிளாண்டர்ஸ் தேசிய செயல் திட்டத்தை மத்திய கால்நடை பராமரிப்பு மற்றும் பால்வளத் துறை 2025 ஜூலையில் திருத்தி வெளியிட்டது. தொற்று கண்டறியப்பட்ட இடத்தைச் சுற்றி 5 கிலோமீட்டர் சுற்றளவு வரை இருந்த 'தொற்று மண்டலம்' 2 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது. 25 கிலோமீட்டர் வரை நீண்டிருந்த கண்காணிப்பு மண்டலம் 10 கிலோமீட்டராகச் சுருக்கப்பட்டது. நோய் அதிகம் காணப்படும் பகுதிகளில் கட்டாயப் பரிசோதனை விரிவாக்கப்பட்டது. மாநில ஆய்வகங்களுக்குப் பயிற்சி அளித்துச் சான்று வழங்கும் பொறுப்பு ஹிசார் மையத்துக்கு அளிக்கப்பட்டது.

மண்டலத்தைச் சுருக்கியதைத் தளர்வு என்று சிலர் பார்க்கலாம். ஆனால் ஒரு குதிரைக்கு நோய் வந்தால் 25 கிலோமீட்டருக்குள் இருக்கும் எல்லாக் குதிரைக்காரர்களின் வருமானமும் முடங்கும் நிலை இருந்தால், அண்டை வீட்டுக்காரரே தகவல் சொல்ல விடமாட்டார். கட்டுப்பாட்டின் பரப்பு சிறியதாக இருந்தால் உண்மையைச் சொல்லும் துணிவு கூடும் என்று எதிர்பார்ப்பதில் நியாயம் உண்டு.

பரிசோதனை முறையும் மாறியிருக்கிறது. முன்பு பெரிதும் நம்பப்பட்ட 'காம்ப்ளிமென்ட் ஃபிக்ஸேஷன்' சோதனை உழைப்பு மிகுந்தது. ஆட்டின் இரத்தச் சிவப்பணுக்களைப் புதிதாகத் தயாரித்து வைத்துக்கொண்டு செய்ய வேண்டியது. கிருமியின் குறிப்பிட்ட புரதங்களை ஆய்வகத்தில் உருவாக்கி அவற்றைக் கொண்டு நடத்தும் எலிசா சோதனையை ஹிசார் மையம் உருவாக்கியபின், ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான மாதிரிகளைச் சலித்தெடுக்க முடிகிறது. தில்லியிலிருந்து ஹிசார் சுமார் 165 கிலோமீட்டர். மாதிரி போய்ச் சேர்வதும் முடிவு திரும்பி வருவதும் இன்று பெரிய தடைகள் அல்ல.

இதே 2025 ஜூலையில் மற்றொரு செய்தியும் வந்தது. தில்லிக்கு அருகே உள்ள மீரட்டில், ராணுவத்தின் கால்நடைப் பிரிவு மையத்தில் அமைந்த குதிரைப் பண்ணையை 'நோயற்ற வளாகம்' என உலக விலங்கு நலவாழ்வு அமைப்பு அங்கீகரித்தது. கிளாண்டர்ஸ் உள்ளிட்ட ஐந்து நோய்கள் அங்கு இல்லை என்பது அதன் பொருள். இந்தியப் போட்டிக் குதிரைகள் வெளிநாடுகளுக்குச் செல்ல இது வழிவகுக்கும். பாராட்டத்தக்க சாதனைதான். அதே மாவட்டத்துச் சாலைகளில் செங்கல் சுமக்கும் கழுதைகளுக்கு அந்த வேலியும் இல்லை. அந்தக் கவனிப்பும் இல்லை. 2019-ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் குதிரைகள் சுமார் 3.4 லட்சம், கழுதைகள் சுமார் 1.2 லட்சம், கோவேறு கழுதைகள் சுமார் 84 ஆயிரம். எண்ணிக்கை குறைவு. மனமிருந்தால் முழுமையாகப் பரிசோதித்து முடிக்கக்கூடிய அளவுதான்.

கொல்லவும் முடியாது, வைத்திருக்கவும் முடியாது

பசு, எருமைகளின் நிலை இதைவிடச் சிக்கலானது. தமிழக விவசாயிகள் 'கன்று வீச்சு நோய்' என்று அழைக்கும் புருசெல்லோசிஸ், சினை மாடுகளில் கருச்சிதைவை உண்டாக்குகிறது. வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறும் கையால் அப்புறப்படுத்துபவருக்கும், பாலைக் காய்ச்சாமல் குடிப்பவருக்கும் கிருமி பரவும். மனிதர்களுக்கு விட்டு விட்டு வரும் காய்ச்சல், மூட்டு வலி, களைப்பு எனத் தொடங்குவதால் டைஃபாய்டு அல்லது காசநோய் என்று தவறாகக் கருதப்படுவது வழக்கம். கால்நடை மருத்துவர்களுக்கும் உதவியாளர்களுக்கும் இது தொழில்வழி நோய்.

2019 செப்டம்பரில் மதுராவில் பிரதமர் நரேந்திர மோடி தொடங்கி வைத்த தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம், கோமாரி நோயுடன் புருசெல்லோசிஸையும் இலக்காகக் கொண்டது. ஐந்து ஆண்டுகளுக்கு 13,343 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஆண்டுதோறும் 3.6 கோடி கிடேரிக் கன்றுகளுக்குத் தடுப்பூசி போடுவது இலக்கு. நான்கு முதல் எட்டு மாத வயதில், வாழ்நாளில் ஒரு முறை போடப்படும் ஊசி இது. பெரிய மாட்டுக்குப் போட்டால், பின்னர் இரத்தத்தில் காணப்படும் எதிர்ப்புப் பொருள் ஊசியால் வந்ததா, நோயால் வந்ததா என்று பிரித்தறிவது கடினமாகிவிடும். வயது வரம்புக்கு இது ஒரு காரணம். ஊசி மருந்தில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள கிருமி என்பதால், கைதவறிக் குத்திக்கொள்ளும் பணியாளருக்கே தொற்று வரலாம்.

தடுப்பூசி நாளைய மாட்டைக் காக்கும். இன்று தொற்றோடு நிற்கும் மாட்டைக் குணப்படுத்தாது. புருசெல்லோசிஸை ஒழித்த பல மேலை நாடுகள் பின்பற்றிய வழி, பரிசோதித்து, தொற்றுள்ள மாட்டை அகற்றி, உரிமையாளருக்கு ஈடு கொடுப்பது. இந்தியாவில் பெரும்பாலான மாநிலங்களில் பசுவதைத் தடைச் சட்டங்கள் உள்ளன. தில்லியில் 1994-ஆம் ஆண்டின் வேளாண் கால்நடைப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அந்தச் சட்டங்களின் நோக்கம் குறித்த விவாதம் இங்கு தேவையில்லை. ஆனால் தொற்று உறுதியான பசுவைக் கொல்ல முடியாது என்றால், அதைத் தனிமைப்படுத்தித் தீவனம் போட்டுப் பராமரிக்கும் செலவை யார் ஏற்பது என்பதற்கு விடை வேண்டும். விடை இல்லாத இடத்தில் அந்தப் பசு ஓசையின்றி விற்கப்படுகிறது. அல்லது தெருவுக்கோ கோசாலைக்கோ போய்ச் சேர்கிறது. முதல் கொட்டகையில் கண்டறியப்பட்ட தொற்று, இரண்டாவது கொட்டகையில் பெயரில்லாமல் தொடர்கிறது.

தில்லியில் அனுமதிக்கப்பட்ட ஒன்பது பால்பண்ணைக் குடியிருப்புகள் உள்ளன. அவற்றில் காஜிப்பூர், பல்ஸ்வா ஆகியவை குப்பை மலைகளை ஒட்டி அமைந்தவை. குப்பையைத் தின்னும் மாடுகளின் பால் குறித்துத் தில்லி உயர் நீதிமன்றம் 2024-இல் கடும் கவலை தெரிவித்து, அவ்விரண்டையும் இடம் மாற்றுவது பற்றிப் பேசியது. நீதிமன்றத்தின் கவனம் பெரிதும் சுகாதாரக் கேட்டின் மீது இருந்தது. இத்தகைய நெருக்கமான பண்ணைகளில் புருசெல்லா இருக்கிறதா என்று அறிய அதிகச் செலவு தேவையில்லை. பல மாடுகளின் பாலைக் கலந்து, அதில் சாயமேற்றிய கிருமித் துளியை விட்டால், எதிர்ப்புப் பொருள் இருக்கும்பட்சத்தில் பாலின் மேல் ஆடையில் நிற வளையம் தோன்றும். 'பால் வளையச் சோதனை' எனப்படும் இம்முறை பல பத்தாண்டுகளாக அறியப்பட்டது. எங்கே தேட வேண்டும் என்பதை அது சொல்லிவிடும். அதன்பின் ஒவ்வொரு மாட்டுக்கும் இரத்தப் பரிசோதனை செய்யலாம். தடையாக இருப்பது அறிவியல் அல்ல.

இந்திய ஆய்வாளர்களின் திறமையில் குறை சொல்வதற்கில்லை என்பதற்குத் தமிழகத்திலேயே சான்று உண்டு. மாட்டிலிருந்து மனிதருக்குப் பரவும் காசநோய்க்குக் காரணம் 'மைக்கோபாக்டீரியம் போவிஸ்' என்பதே உலக அளவில் நிலவிய கருத்து. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த நோயாளிகளிடமிருந்து பெறப்பட்ட 940 மாதிரிகளை மரபணு அளவில் ஆராய்ந்தபோது, எதிர்பார்த்த போவிஸ் கிடைக்கவில்லை; மாறாக ஏழு மாதிரிகளில் 'மைக்கோபாக்டீரியம் ஒரிஜிஸ்' கண்டறியப்பட்டது. 2020-இல் வெளியான இந்த ஆய்வு, இந்தியாவில் வேறு கிருமியைத் தேட வேண்டியிருப்பதை உணர்த்தியது. சென்னைப் பகுதி மாடுகளிலும், பின்னர் மான் இன விலங்குகளிலும் இதே கிருமி கண்டறியப்பட்டது. மருத்துவமனைகளில் வழக்கமாகச் செய்யப்படும் காசநோய்ப் பரிசோதனை, தொற்று இருக்கிறது என்று மட்டும் சொல்லும். அது மாட்டு வகையா, மனித வகையா என்று பிரித்துச் சொல்லாது.

செல்லப் பிராணிகளின் கதை சுருக்கமானது. நாய்களுக்கு வரும் லெப்டோஸ்பைரா தொற்று, அதாவது எலிக்காய்ச்சலின் கிருமி, அவற்றின் சிறுநீர் வழியே வீட்டாருக்கும் பரவலாம். பரிசோதனைக்குப் பணம் கொடுப்பவர் உரிமையாளர். முடிவும் பெரும்பாலும் அவரது கோப்போடு நின்றுவிடுகிறது. மழைக்காலத்தில் ஒரு தெருவில் மூன்று நாய்களுக்குத் தொற்று என்றால், அது அந்தத் தெருவின் மருத்துவருக்குத் தெரிய வேண்டிய செய்தி.

காட்டில் நிலைமை தலைகீழ். அங்கே உரிமையாளர் இல்லை என்பதால் மறைப்பவரும் இல்லை, பார்ப்பவரும் குறைவு. 2022-இல் கேரளத்தின் அதிரப்பள்ளி வனப்பகுதியில் காட்டுப் பன்றிகள் அடுத்தடுத்து இறந்து கிடந்ததை வனப் பணியாளர்கள் கவனித்ததால்தான் அடைப்பான் நோய் எனப்படும் ஆந்த்ராக்ஸ் உறுதி செய்யப்பட்டது. இந்நோயில் இறந்த விலங்கின் உடலை அறுக்கக் கூடாது. காற்றுப் பட்டதும் கிருமி வித்துகளாக மாறி, மண்ணில் பல பத்தாண்டுகள் உயிர்த்திருக்கும். எனவே காதோரத்தில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பூச்சு தயாரிப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இதை அறிந்த வனக்காவலர் ஒருவர் இருப்பது, தொலைவில் உள்ள நவீன ஆய்வகத்துக்கு ஈடானது. வன விலங்கு நோய்களுக்கான தேசிய ஆய்வு மையத்துக்கு 2025 மார்ச்சில் குஜராத்தின் ஜூனாகத்தில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். நாக்பூரில் ஒருங்கிணைந்த நலவாழ்வு நிறுவனத்துக்கு 2022 டிசம்பரிலேயே அடிக்கல் நாட்டப்பட்டது. விலங்கு நோய்க் கண்காணிப்பை வலுப்படுத்த சர்வதேசப் பெருந்தொற்று நிதியத்திலிருந்து 2.5 கோடி டாலர் கிடைத்துள்ளது.

மனித நலம், கால்நடை, வனம் ஆகிய மூன்றும் தில்லியில் மூன்று அமைச்சகங்களின் பொறுப்பு. ஐதராபாத்தில் உள்ள தேசிய விலங்கு உயிரித்தொழில்நுட்ப நிறுவனத்தின் தலைமையில், 27 அமைப்புகள் இணைந்த கூட்டமைப்பு 2021-இல் உருவாக்கப்பட்டதும், தேசிய ஒருங்கிணைந்த நலவாழ்வு இயக்கம் பின்னர் ஏற்படுத்தப்பட்டதும் இந்தப் பிரிவினையைக் கடப்பதற்காகவே. தகவல் பகிர்வு குறித்து அவை விரிவாகத் திட்டமிட்டுள்ளன. இழப்பீட்டைச் சந்தை விலையோடு இணைப்பது, குறிப்பிட்ட நாள்களுக்குள் வழங்குவது, தொற்றுள்ள பசுக்களுக்கான தனிக் காப்பகங்களுக்கு நிதி ஒதுக்குவது ஆகியவையும் அதே மேசையில் பேசப்பட வேண்டியவை. 12 இலக்க எண் பொறித்த காது வில்லை ஒவ்வொரு மாட்டையும் அடையாளம் காட்டும் நிலையில், தொற்றுள்ள மாடு கைமாறுவதைக் கண்டறியவும், உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கே ஈட்டுத் தொகையை அனுப்பவும் தொழில்நுட்பம் தயாராகவே உள்ளது.

மழைக்காலம் முடிந்ததும் வட மாநிலங்களில் செங்கல் சூளைகள் மீண்டும் எரியத் தொடங்கும். கார்த்திகை ஏகாதசிக்குப் பின் தில்லியில் திருமணங்கள் தொடங்க, அண்டை மாவட்டங்களிலிருந்து குதிரைகள் நகருக்குள் வரும். திருத்தப்பட்ட செயல் திட்டப்படி அவற்றின் கழுத்து நரம்பிலிருந்து இரத்தம் எடுக்கப் போகும் பணியாளரிடம், தொற்று உறுதியானால் எவ்வளவு, எப்போது கிடைக்கும் என்றுதான் குதிரைக்காரர் முதலில் கேட்பார்.