மஞ்சள் கடுதாசிக்குப் பிறகு வண்டிக் கடன்

புளியறை வழியாகக் கேரளத்துக்கு இரவு பகலாக வண்டிகள் போய்க்கொண்டிருக்கின்றன. காய்கறி ஏற்றிய லோடு ஆட்டோ, குற்றாலம் சீசனுக்கு ஆள் ஏற்றும் கார், கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்களைச் சுமக்கும் வேன் என்று இவற்றில் பல கடனில் வாங்கியவை. ஓட்டுகிறவர் முதலாளி அல்ல. நேற்றுவரை வயலில் கூலிக்கு நின்றவர். அல்லது மில்லில் கணக்குத் தீர்த்தபோது கைக்கு வந்த பணத்தை முன்பணமாகக் கட்டியவர். ஆர்.சி. புத்தகத்தில் அவர் பெயரோடு கடன் கொடுத்த கம்பெனியின் பெயரும் ஏறியிருக்கிறது. நாலு தவணை தவறினால் வண்டி யாருடையது என்பது தெரிந்துவிடும்.

2020, 2021-ம் ஆண்டுகளில் பெருந்தொற்றைக் காரணம் காட்டிக் குற்றால அருவிகளில் குளிக்கத் தடை விதித்தார்கள். சீசன் போயிற்று; வட்டி மட்டும் போகவில்லை. தவணை கட்டக் கந்துவட்டிக்கு வாங்கி, வண்டியும் பறிபோய், ஏலத்தில் வந்த விலை போக மீதிப் பாக்கிக்கும் நோட்டீஸ் வந்து, ஜாமீன் கையெழுத்துப் போட்ட மைத்துனரும் கோர்ட்டுப் படியேறிய கதை எத்தனை வீடுகளில்!

இப்படி நொடித்துப்போன உழைப்பாளி மீண்டும் பிழைக்க வேண்டும். அவர் அறிந்த தொழில் வண்டி ஓட்டுவது. அவருக்கு மறுபடி கடன் கிடைக்குமா? இது ஆடம்பரக் கார் வாங்கும் கேள்வி அல்ல. அடுப்பு எரிவது பற்றிய கேள்வி.

சட்டம் என்ன சொல்கிறது? நம் ஜனங்கள் ‘மஞ்சள் கடுதாசி’ என்று சொல்லும் இன்சால்வென்ஸி, நம் மாவட்டத்தில் இன்றும் வெள்ளைக்காரன் 1920-ல் போட்ட மாகாண நொடிப்புச் சட்டத்தின்படியே நடக்கிறது. கடனைக் கொடுக்க வழியில்லை என்று கோர்ட்டில் மனுப்போட்டு, கோர்ட்டு நொடித்தவர் என்று அறிவித்தால், சொத்து ரிசீவர் வசம் போகும். பிறகு குறித்த கெடுவுக்குள் விடுதலை உத்தரவு கேட்டு மனுச் செய்ய வேண்டும். அந்த உத்தரவு வாங்காதவர் தம் நிலையை மறைத்து ஐம்பது ரூபாய் கடன் வாங்கினாலும் குற்றம். ஆறு மாதம் வரை சிறை! நூறு ஆண்டு கடந்தும் அந்த ஐம்பது ரூபாய் மாறவில்லை. ஆகவே மஞ்சள் கடுதாசியோடு வேலை முடிந்தது என்று எவரும் இருந்துவிடக் கூடாது. விடுதலை உத்தரவு வாங்கினால்தான் காரியம் முடிந்ததாகும்.

அதை வாங்கியவருக்குக் கடன் கொடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் பாங்கு மானேஜர் ‘சிபில்’ என்கிறார். 300 முதல் 900 வரை மார்க் போட்டு, பழைய பாக்கியை ஏழு ஆண்டுகளுக்குக் குறையாமல் ஏட்டில் வைத்திருக்கிறார்கள். பொதுத்துறை பாங்கு கதவைச் சாத்தினால் திறந்திருப்பது தனியார் பைனான்ஸ். அங்கே வட்டி அதிகம். ஏற்கெனவே நொடித்தவனிடமே கூடுதல் வட்டி கறப்பது என்ன நியாயம்?

முதலாளி நொடித்தால் கதையே வேறு. அலோக் இண்டஸ்ட்ரீஸ் என்ற ஜவுளிக் கம்பெனி பாங்குகளுக்கு ஏறக்குறைய 30,000 கோடி ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது. 2019-ல் ரிலையன்சும் அதன் கூட்டாளியும் சுமார் 5,000 கோடிக்கு அதை எடுத்துக்கொள்ளத் தீர்ப்பாயம் அனுமதித்தது. ஆறில் ஐந்து பங்கு காற்றோடு போயிற்று. 2014-15 முதல் ஒன்பது ஆண்டுகளில் பாங்குகள் 14.56 லட்சம் கோடி ரூபாயை வராக்கடனாக எழுதித் தள்ளின என்றும், அதில் 7.40 லட்சம் கோடிக்குமேல் பெருந்தொழில், சேவைக் கம்பெனிகளுடையது என்றும் மத்திய சர்க்காரே 2023-ல் பார்லிமெண்டில் சொன்னது. எழுதித் தள்ளுவது தள்ளுபடி ஆகாது, வசூல் தொடரும் என்று சமாதானம் சொல்கிறார்கள். வசூலானதோ சுமார் 2 லட்சம் கோடிதான்! முதலாளி திவாலானால் தொழில் நஷ்டம். தொழிலாளி திவாலானால் நாணயம் கெட்டவன்!

அதே 2016-ம் ஆண்டுத் திவால் சட்டத்தில் ஏழைக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. ‘புதுத் தொடக்கம்’ என்று பெயர். வருஷ வருமானம் 60,000 ரூபாய்க்கும், சொத்து 20,000-க்கும், கடன் 35,000-க்கும் மிகாமல், சொந்த வீடும் இல்லாதவரின் கடனை நீக்க வழி செய்கிறது. நாளொன்றுக்கு 165 ரூபாய் வருமானம் இருந்தாலே இந்த வரம்பைத் தாண்டிவிடும்! இந்த அற்ப சலுகையைக்கூட இன்றுவரை அமலுக்குக் கொண்டுவரவில்லை. கம்பெனிகளுக்கான பகுதியை மட்டும் 2016-லேயே அவசர அவசரமாக அமலாக்கினார்கள்.

இதன் விளைவு என்ன? 2022 செப்டம்பரில் ஜார்க்கண்டின் ஹஸாரிபாக் பகுதியில் தவணை பாக்கிக்காக டிராக்டரைப் பறிக்க வந்தவர்களால், ஒரு விவசாயியின் கர்ப்பிணி மகள் அந்த டிராக்டர் சக்கரத்திலேயே நசுங்கி மாண்டார். நம் மாவட்டத்துக் காசிதர்மத்தைச் சேர்ந்த கூலித் தொழிலாளி குடும்பம், இரு பிஞ்சுக் குழந்தைகள் உட்பட, 2017 அக்டோபரில் கந்துவட்டிக் கொடுமையால் நெல்லை கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் தீக்கு இரையானதை யார் மறக்க முடியும்?

தோழர்களே! கையிலுள்ள உரிமைகளை முதலில் பயன்படுத்துங்கள். அடியாள் வைத்து வண்டியைப் பறிக்கக் கூடாது, சட்டப்படியே நடக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2007-லேயே சொல்லிவிட்டது. நான்கு கடன் தகவல் கம்பெனிகளும் ஆண்டுக்கு ஒருமுறை உங்கள் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். தவறு இருந்தால் எழுதிக் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நஷ்ட ஈடு உண்டு. கடன் தீர்ந்ததும் பாக்கியில்லை என்ற சான்றைக் கையோடு வாங்குங்கள். குறைத்துக் கட்டிய கடன் ‘செட்டில்மெண்ட்’ என்றே ஏட்டில் நிற்கும். அது பின்னால் இடறும். முடிந்தால் முழுதும் கட்டி ‘முடிந்தது’ என்று பதியச் செய்யுங்கள்.

இது தனி ஆளாகத் தீரும் பிரச்னை அல்ல. புதுத் தொடக்க அத்தியாயத்தை இன்றைய விலைவாசிக்கேற்ற வரம்புகளோடு உடனே அமலாக்கு! விடுதலை உத்தரவு பெற்ற உழைப்பாளிக்குப் பிழைப்புக்கான வண்டிக் கடனைப் பொதுத்துறை, கூட்டுறவு பாங்குகள் நியாய வட்டியில் கொடு! சீசன் தொழிலுக்கு வருமானம் வரும் மாதங்களில் தவணை வை!

மில் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் டிரைவர்களும் கைகோத்து இக்கோரிக்கைகளை முழங்குவோம். கோடீஸ்வரனுக்கு மறுவாழ்வு தரும் நாட்டில், வண்டி ஓட்டிப் பிழைப்பவனுக்கும் மறுவாழ்வு உண்டு என்று ஆக்குவோம்!