வீட்டுக்கு வேண்டிய சட்டம்: திரும்பி வரும் ஈட்டு உறுதி

மகளின் திருமணம், மகனின் மேற்படிப்பு, பழுதடைந்த வீட்டின் திருத்த வேலை முதலிய காரியங்களுக்காகக் காணியை ஈடுவைத்துக் கடன் பெறுதல் நம் குடும்பங்களிற் புதிதன்று. வட்டி எவ்வளவு, தவணை எத்தனை என்பனவற்றை நாம் நுணுகி விசாரிக்கின்றோம். ஆயின் அக்கடனுக்குரிய உறுதி பிழையின்றி எழுதப்பட்டதா, உரிய ஏட்டிற் பதியப்பட்டதா என்பனவற்றை மட்டும் "நொத்தாரிசு பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிடுகின்றோம். வங்கியிலிருந்தோ காணிப் பதிவகத்திலிருந்தோ பத்திரம் திரும்பி வந்தபின்னரே கலக்கம் பிறக்கின்றது. முகூர்த்த நாள் நெருங்கி நிற்கும். பணமோ கைக்கு வந்திராது.

முதலில் அடிப்படையைத் தெரிந்துகொள்வோம். இலங்கையிலே காணியை விற்பதாயினும் ஈடுவைப்பதாயினும், அது எழுத்தில் இருத்தல் வேண்டும். பிரசித்த நொத்தாரிசு ஒருவர் முன்னிலையிலும், ஒரே வேளையில் உடனிருக்கும் இரண்டு சாட்சிகளேனும் முன்னிலையிலும் கையொப்பம் இடப்படுதல் வேண்டும். இது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடி தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் விதி. சாட்சி ஒருவர் மாலையில் வந்து ஒப்பமிடுவார் என்று இடம் விட்டுவைப்பது உறுதியின் உயிரையே போக்கிவிடும். எழுத்து அழித்துத் திருத்தப்பட்டிருந்தால், அத்திருத்தத்தை நொத்தாரிசு தமது அத்தாட்சிக் குறிப்பிலே சொல்லியிருத்தல் வேண்டும். சொல்லப்படாத திருத்தம் எவருக்கும் ஐயத்தையே தரும்.

இனி அட்டவணைக்கு வருவோம். உறுதியின் இறுதியிலே காணியை விவரிக்கும் பகுதிக்குத்தான் அட்டவணை என்று பெயர். பிழைகள் குடியிருக்கும் இடமும் அதுவே. 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கப் பத்திரப் பதிவுக் கட்டளைச் சட்டம், காணியின் எல்லைகளும் பரப்பும் இருப்பிடமும் தெளிவாகவும் சரியாகவும் கூறப்படாத பத்திரத்தைப் பதியலாகாது என்கின்றது. நமது பழைய உறுதிகளிலோ, "கிழக்கு எல்லை இன்னார் காணி" என்று எழுதப்பட்டிருக்கும். அந்த இன்னார் காலமாகி இரண்டு தலைமுறை சென்றிருக்கும். அவர் காணி மூன்று துண்டாகி, ஒரு துண்டு ஒழுங்கையாகவும் மாறியிருக்கும். பழைய எல்லையை அப்படியே பார்த்தெழுதினால், நிலத்தில் இருப்பது ஒன்று, ஏட்டில் இருப்பது வேறொன்று என்றாகும். புதிய எல்லையை மட்டும் எழுதினாலோ, இதுவும் பழைய காணியும் ஒன்றுதானா என்று பதிவாளர் கேட்பார். முன்னைய எல்லையையும் இன்றைய எல்லையையும் இணைத்துக் கூறி, நில அளவையாளரின் வரைபட இலக்கத்தையும் திகதியையும் சேர்த்தெழுதுவதே நன்று.

பரப்பளவிலும் இதே தொல்லை உண்டு. யாழ்ப்பாணத்திலே பரப்பும் குழியும் வழங்குகின்றன. வரைபடமோ பேர்ச்சிலும் ஹெக்டேரிலும் பேசுகின்றது. 18 குழி ஒரு பரப்பு, 10 பேர்ச் ஒரு பரப்பு, 16 பரப்பு ஓர் ஏக்கர் என்னும் கணக்கை மாணவர்கள் மனனஞ் செய்துகொள்ளல் தகும். வீட்டிலே பெரியோர் உறுதியை விரிக்கும்போது கணக்கைச் சரிபார்த்துக் கொடுக்கலாம். பள்ளிக்கூடத்துப் பின்னக் கணக்கு உண்மையாகவே பயன்படும் இடங்களுள் இதுவும் ஒன்று. கிணற்றுப் பங்கையும் வழிவாய்க்கால் உரிமையையும் மறத்தலாகாது. மூல உறுதியில் இருந்த கிணற்றுப் பங்கு ஈட்டு உறுதியில் விடுபட்டிருந்தால், தண்ணீரில்லாத வளவை எவர் ஈடாக ஏற்பார்?

அடுத்தது பெயர். நமது பெயர் முறை வீட்டுக்குள் அழகானது, அலுவலகத்திலோ ஆபத்தானது. 'சண்முகம்' என்னும் பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் எஸ் என்னும் எழுத்தை மட்டும் இட்டுத் தொடங்குவர். மற்றொருவர் அதனோடு எச் என்பதையும் சேர்ப்பர். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், அடையாள அட்டையில் ஒரு விதம், உறுதியில் மூன்றாம் விதம். பெண்கள் நிலை இன்னும் சிக்கலானது. சீதன உறுதி தந்தை பெயரோடு எழுதப்பட்டிருக்கும். அடையாள அட்டை கணவன் பெயரோடு வந்திருக்கும். இருவரும் ஒருவரே என்று காட்ட விவாகச் சான்றிதழ் வேண்டும். அதுவும் போதாதவிடத்துச் சத்தியக் கடதாசி வேண்டும். இவற்றை வங்கி கேட்குமுன்னரே தேடிவைத்தல் புத்தி. புதிய ஈட்டு உறுதியிலே, அடையாள அட்டையில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து எழுதி, மூல உறுதியில் உள்ள பெயரையும் "என்றும் அழைக்கப்படும்" என்று சேர்த்துவிடலாம்.

தேசவழமைக்கு உட்பட்ட குடும்பங்களில் இன்னொரு காரணத்தாலும் பத்திரம் திரும்பும். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள் பற்றிய கட்டளைச் சட்டப்படி, மணமான பெண் தன் அசையா ஆதனத்தை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். கணவனோ தன் முதுசத்துக்கு மனைவியின் சம்மதத்தைக் கேட்க வேண்டியதில்லை. இந்தப் பாரபட்சம் இக்காலத்துக்குப் பொருந்துமா என்று ஒரு மாணவி கேட்டால், பொருந்தாது என்றே நான் சொல்வேன். ஆயினும் சட்டம் இருக்கும்வரை அந்த ஒப்பம் இல்லாத உறுதி நில்லாது. கணவன் கைவிட்டுப் போயிருந்தாலும், நியாயமின்றி மறுத்தாலும் மாவட்ட நீதிமன்றத்தை நாடி அச்சம்மதத்துக்கு ஈடான கட்டளையைப் பெறலாம் என்பதைப் பல பெண்கள் அறியார்.

இனிப் பதிவு. உறுதி முடிந்ததும் கருமம் முடிந்ததென்று அதனை அலுமாரியிற் பூட்டிவைப்போர் உளர். நொத்தாரிசு தம் இரண்டாம் பிரதியை மாதந்தோறும் பதிவாளருக்கு அனுப்புவார். அது வேறு, பதிவு வேறு. ஒருவர் தம் காணியை உங்களுக்குத் தை மாதத்தில் ஈடுவைக்கின்றார், நீங்கள் பதியவில்லை. அதே காணியை மாசியில் வேறொருவருக்கு ஈடுவைக்கின்றார். அவர் பணங் கொடுத்து, வஞ்சகமின்றி வாங்கி, உடனே பதிந்துவிடுகின்றார். அப்போது உங்கள் தை மாத உறுதி அவர் முன்னிலையிற் செல்லாது. பதிவதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒவ்வொரு காணிக்கும் பதிவகத்திலே ஓர் ஏடு திறக்கப்பட்டிருக்கும். அக்காணி பற்றிய பத்திரங்கள் யாவும் அவ்வேட்டிலே தொடர்ந்து பதியப்படல் வேண்டும். காணி பிரிந்து புதிய ஏடு திறந்தால், பழைய ஏட்டைச் சுட்டும் குறிப்பு வேண்டும். தொடர்பில்லாத ஏட்டிற் பதிந்த உறுதி முன்னுரிமையை இழந்துவிடக்கூடும். ஆதலின் முன்னைய பதிவின் புத்தக இலக்கமும் ஏட்டிலக்கமும் புதிய உறுதியிற் சரியாக எழுதப்பட்டுள்ளனவா என்று கேளுங்கள்.

கடனைத் தீர்த்தபின் செய்யவேண்டியதை மறப்போரே மிகுதி. ஐயா காலத்திற் பட்ட கடன் முப்பது ஆண்டுக்கு முன்னரே தீர்ந்திருக்கும். ஈடு மீட்ட உறுதி எழுதப்பட்டிராது, அல்லது எழுதியும் பதியப்பட்டிராது. பேரன் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது பழைய ஈடு ஏட்டிலே உயிரோடு நிற்கும். பணங் கொடுத்தவரும் காலமாகியிருந்தால், அவர் உரித்தாளரைத் தேடித் தேசம் தேசமாகக் கடிதம் எழுதவேண்டி வரும்.

தீராத கடனைத் தீர்ந்ததாகப் பதிந்த கதையும் உண்டு. அமெரிக்காவிலே ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனி, 2001ஆம் ஆண்டிற் செய்த ஏறக்குறைய 30 கோடி டொலர் ஏற்பாடு ஒன்றை 2008 ஒக்டோபரிலே தீர்த்தது. அதன் பிணையை விடுவிக்கும் பத்திரங்களைத் தயாரித்தபோது, அதனோடு எவ்விதத் தொடர்புமில்லாத 2006ஆம் ஆண்டின் 150 கோடி டொலர் கடனுக்குரிய பதிவிலக்கமும் பட்டியலிலே புகுந்துவிட்டது. கடன் வாங்கியோர் பக்கத்துச் சட்டத்தரணிகளும் பார்த்தனர். கடன் கொடுத்த ஜே. பி. மோர்கன் வங்கியின் பக்கத்தாரும் பார்த்தனர். ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. 2009 யூன் மாதத்திலே கம்பனி முறிவு நீதிமன்றத்தை நாடியபின் பிழை வெளிவந்தது. "விடுவிக்க நாம் எண்ணவேயில்லை" என்றது வங்கி. பத்திரத்தைப் பதிய நீங்களே அனுமதித்தீர்கள், ஆகவே அது செல்லும் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 2015ஆம் ஆண்டிலே தீர்த்தது. பெருஞ் சட்டத்தரணிகள் நிறைந்த சபையிலே ஓர் இலக்கத்தை எவரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

நம் வீட்டுக் காரியத்திலும் ஒப்பிடுவதற்கு ஓரிரவு போதும். நொத்தாரிசிடம் வரைவின் பிரதியை முதல் நாளே கேட்டு வாங்குங்கள். ஒருவர் மூல உறுதியை உரத்து வாசிக்க, மற்றொருவர் வரைவைப் பார்க்கட்டும்: பெயர், அடையாள அட்டை இலக்கம், எல்லை, பரப்பு, வரைபட இலக்கம், ஏட்டிலக்கம். எஸ். எஸ். ஸி. படித்த அக்காலத்துப் பாட்டிமாரும், இன்று உயர்தரம் படிக்கும் பேரப்பிள்ளைகளும் இதனை நன்றாகவே செய்வர். வெளிநாட்டிலுள்ள மகனுக்காக அற்றோணித் தத்துவத்தின்படி ஒப்பமிடுவோர், அதிலே "ஈடுவைக்க" என்னும் அதிகாரம் வெளிப்படையாக உண்டா என்றும் பார்த்துக்கொள்க. "விற்க" என்று மட்டும் இருந்தால் வங்கி ஏற்பது அரிது. பதிவு முடிந்த சில வாரங்களின் பின் பதிவகத்துக்குச் சென்று, கட்டணஞ் செலுத்தி ஏட்டின் பிரதியைப் பெற்று, உறுதியோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.