அன்பு என்று பெயர் வைத்த பிரம்பு

ஊட்டியிலிருந்து எமரால்டுக்கு வரும் மாலைப் பேருந்தில், ஒரு கைபேசிக்கு மூன்று தலைகள் கவிழ்ந்திருக்கும். பார்ப்பது கொரியத் தொடர். 2022 இறுதியில் வந்த ‘தி குளோரி’யும் அதில் உண்டு: பள்ளியில் சூடுபோட்டு வதைக்கப்பட்டவள், வளர்ந்து பழிதீர்க்கும் கதை. “இப்படியெல்லாமா பண்ணுவாங்க?” என்றது ஒரு பிள்ளை.

பண்ணுவார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவனை அவன் பள்ளி மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு. அந்தத் தொடரில் பணத்திமிர், இங்கே சாதி.

கொரியா சும்மா இருக்கவில்லை. பள்ளி வன்முறைத் தடுப்புச் சட்டத்தை 2004-லேயே கொண்டுவந்தது. 2011 டிசம்பரில் தேகு நகரில் சக மாணவர்களின் கொடுமை தாங்காமல் ஒரு சிறுவன் உயிரை விட்டான். அடுத்த ஆண்டிலிருந்து, வன்முறைக்குப் பெற்ற தண்டனை மாணவரின் பள்ளிப் பதிவேட்டில் ஏறியது. உடனே வசதியுள்ள பெற்றோர் வக்கீல் தேடிப் போனார்கள். 2023 பிப்ரவரியில் காவல்துறைப் புலனாய்வுத் தலைவராக நியமிக்கப்பட்ட ஒரு முன்னாள் அரசு வழக்கறிஞர், மகனின் பள்ளித் தண்டனையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனவர் என்பது வெளியாக, மறுநாளே விலக நேர்ந்தது.

பதிவேட்டைவிட வேறொன்றே எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெரியவர்கள் கையில் இருக்கும் தடிக்குக் கொரியர்கள் ‘அன்பின் பிரம்பு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். நம் ‘அடியாத மாடு படியாது’க்கு அண்ணன் முறை. எங்கள் ஊர் வீடுகளில் கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சிதான் அந்தப் பிரம்பு, நானும் வாங்கியிருக்கிறேன். பெரியவன் சின்னவனை அடிக்கலாம் என்பதை வீட்டிலேயே கற்ற பிள்ளை, பள்ளியில் தனக்குக் கீழே ஒருவனைத் தேடுகிறது.

அந்த அன்பின் பிரம்பையும் கொரியா விட்டுவைக்கவில்லை. அங்கே 2020 அக்டோபரில் 16 மாதத் தத்துக் குழந்தை வளர்ப்புப் பெற்றோரின் கொடுமையில் இறந்தது. நாடே கொதித்தது. பிள்ளையைக் ‘கண்டிக்கும் உரிமை’யைப் பெற்றோருக்குத் தந்த 915-ஆவது பிரிவு 2021 ஜனவரியில் கொரியக் குடிமைச் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது.

நாம் தமிழ்நாட்டில் பள்ளிப் பிரம்பை 2003-இல் விதி திருத்தித் தடுத்தோம். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவும் தடுக்கிறது. வீட்டுப் பிரம்பைத் தொடவில்லை. 12 வயதுக்குட்பட்ட பிள்ளையின் நன்மைக்காகப் பாதுகாவலர் நல்லெண்ணத்துடன் செய்வது குற்றமல்ல என்ற வெள்ளைக்காரன் காலத்து இந்திய தண்டனைச் சட்டத்தின் 89-ஆவது பிரிவு, சில விலக்குகளோடு, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 27-ஆக உட்கார்ந்திருக்கிறது. எண் மட்டும்தான் மாறியது.

நாங்குநேரிக்குப் பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் கையில் கட்டும் சாதிக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது. சரிதான், ஆனால் வீட்டுப் பிரம்பு அப்படியே இருக்கிறது. 27-ஆவது பிரிவில் ‘அடிப்பது நன்மையில் சேராது’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி நாமும் கேட்போம். நீலகிரி எம்.பி.க்கு எமரால்டிலிருந்தே முதல் மனு போகட்டும்.