அசல் கோப்பை அழித்துவிடாதீர்கள்

ஜவ்வாது மலையில் ஒரு கல்யாணமோ ஊர்த் திருவிழாவோ நடந்தால், இன்று கூட்டத்தில் பாதிப் பேர் கைப்பேசியில் படம் பிடிக்கிறார்கள். ஐந்து ஆண்டு கழித்து அந்த வீடியோவைக் கேட்டுப் பாருங்கள். பல கை மாறி, மங்கி, கட்டம் கட்டமாக உடைந்த நகல்தான் கிடைக்கும். ஆலங்காயத்தில் ஸ்டுடியோ வைத்து, கேசட் காலத்திலிருந்தே காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் பக்கத்து ஊர்களுக்குக் கேமராவோடு போய்வரும் எனக்கு இது பெரிய கவலை. எடுப்பவர்களுக்கு அக்கறை இல்லாமல் இப்படி ஆகவில்லை. ஒரு வீடியோ எப்படிச் சுருங்குகிறது, சுருங்கும்போது எதை இழக்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.

புதூர்நாடு பக்கத்திலிருந்து ஒரு தம்பி என் கடைக்கு வந்தார். அவருடைய பாட்டி சாமைக் கொல்லையில் களையெடுத்தபடி பாடிய பாட்டு ஒன்று கைப்பேசியில் இருந்தது. பாட்டி இறந்துவிட்டார். காரியத்தன்று பெரிய திரையில் அதைப் போட வேண்டும். "கொஞ்சம் தெளிவா ஆக்கிக் கொடுங்கண்ணே" என்றார். இடம் போதவில்லை என்று அசலை எப்போதோ அழித்திருந்தார். கையில் இருந்தது, உறவினருக்கு அனுப்பி, அவர் இன்னொருவருக்கு அனுப்பி, திரும்பி வந்த நகல். பாட்டியின் முகச் சுருக்கங்கள் எல்லாம் மெழுகு பூசியதுபோல் வழுவழுப்பாகிவிட்டிருந்தன. பின்னாலிருந்த சாமைப் பயிர் வெறும் பச்சைத் தீற்றலாகத் தெரிந்தது. குரலின் கரகரப்புகூடப் பாதி போய்விட்டது. தூக்கி எறியப்பட்ட விவரத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. படத்தைத் தெளிவாக்கித் தருவதாகச் சொல்லும் இன்றைய செயற்கை நுண்ணறிவுச் செயலிகள், இல்லாத சுருக்கங்களை ஊகித்து வரைகின்றன. அப்படி வருவது வேறு யாரோ ஒரு கிழவியின் முகம். அதைச் செய்து கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

சுருக்குவதே தவறு என்று நான் சொல்லவில்லை. சுருக்காமல் வீடியோவே கிடையாது. கணக்கைப் பாருங்கள். முழு ஹெச்டி படம் ஒன்றில் 1920க்கு 1080, அதாவது 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் உண்டு. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் எழுத 3 பைட். நொடிக்கு 25 படம். அப்படியே சேமித்தால் ஒரு நிமிட வீடியோ 9 ஜிபியைத் தாண்டும். உங்கள் கைப்பேசி அதே நிமிடத்தை ஏறக்குறைய 130 எம்பியில் முடித்துவிடுகிறது. எழுபதில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது, ஆனாலும் நம் கண்ணுக்குக் குறை தெரிவதில்லை.

இதைச் சாத்தியமாக்கிய கணிதத்தில் நம் பக்கத்து மனிதர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, அவருடைய மாணவர் டி. நடராஜன், கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த கே. ஆர். ராவ் ஆகிய மூவரும் 1974இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். டிஸ்கிரீட் கோசைன் டிரான்ஸ்ஃபார்ம் என்று அதற்குப் பெயர். படத்தைச் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திலும் பெரிய ஒளி மாற்றங்களைத் தனியாகவும் நுணுக்கமான மாற்றங்களைத் தனியாகவும் பிரித்தெடுக்கும் வழி அது. பிரித்த பிறகு, கண் அதிகம் பொருட்படுத்தாத நுணுக்கங்களைக் குறைத்துவிடலாம். கைப்பேசியில் நாம் எடுக்கும் சாதாரணப் புகைப்படமும் பெரும்பாலான வீடியோக்களும் இன்றும் இந்த வழியிலோ இதிலிருந்து கிளைத்த வழிகளிலோதான் சுருங்குகின்றன. மோசமான நகலில் சதுரம் சதுரமாகத் தெரிகிறதே, அது இந்தச் சதுரங்களின் தடயம்தான்.

வீடியோவுக்கு இன்னொரு உத்தியும் உண்டு. முழுப் படம் ஒன்றைச் சேமித்துவிட்டு, அடுத்தடுத்த படங்களில் என்ன மாறியது, எது எங்கே நகர்ந்தது என்பதை மட்டும் எழுதிக்கொள்வது. மாறாதவற்றைத் திரும்ப எழுத வேண்டாம். ஒரு மண்டபத்தில் வெள்ளைச் சுவர் முன்னால் நின்று ஒருவர் பேசினால் அசைவது வாயும் கையும்தான். கோப்பு சின்னதாகிவிடும், தெளிவும் கெடாது.

நம் மலையில் அப்படியா? காற்றில் சாமைக் கதிர் ஒவ்வொன்றும் தனித்தனியாக அசைகிறது. பீமன் மடவு அருவியில் எந்தத் துளியும் அடுத்த படத்தில் அதே இடத்தில் இல்லை. மழைத் தூறல், மூங்கில் இலை, பொங்கல் வைக்கும் அடுப்பின் புகை, ஆடுகிறவர்களின் காலடியில் கிளம்பும் புழுதி, எல்லாமே நொடிக்கு நொடி மாறும். சுருக்கும் மென்பொருளுக்கு இதைவிடக் கடினமான காட்சி கிடையாது. கோப்பு இவ்வளவு பெரிதாகத்தான் இருக்கலாம் என்று வரம்பு வைத்துவிட்டால் அது முதலில் கைவிடுவது இவற்றைத்தான். சென்னையில் ஒரு வரவேற்பறையில் எடுத்த வீடியோவும் நம்மூர் ஆட்டமும் ஒரே செயலியில் அனுப்பப்பட்டால், அதிகம் சிதைவது நம்மூர் ஆட்டம். இது யாருடைய சதியும் அல்ல, கணக்கு அப்படி. அதனால்தான் மலையில் எடுப்பவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக அசலைக் காக்க வேண்டும் என்கிறேன்.

கடைக்கு வருபவர்கள் அடிக்கடி கேட்கும் சந்தேகம் ஒன்று. "எம்பி4 தானே, டிவியில் சத்தம் வருது, படம் வரலையே, ஏன்?" எம்பி4, எம்கேவி, ஏவிஐ என்பவை வெளியிலிருக்கும் பாட்டில் மாதிரி. ஒரே மாதிரி பாட்டிலில் கொம்புத் தேனும் இருக்கலாம், கொசுத் தேனும் இருக்கலாம். உள்ளே எந்த முறையில் சுருக்கியிருக்கிறது என்பதைத்தான் கோடெக் என்கிறோம். 2003இல் வந்த ஹெச்.264 ஏறக்குறைய எல்லாக் கருவியிலும் ஓடும். 2013இல் வந்த ஹெச்.265 அதே தெளிவைப் பாதி அளவில் தரக்கூடியது, ஆனால் பழைய டிவிக்கு அதைப் பிரிக்கத் தெரியாது. புதிய கைப்பேசிகள் பலவற்றில் எந்த முறையில் பதிய வேண்டும் என்று கேமரா அமைப்பிலேயே தேர்ந்தெடுக்கலாம். கோப்பின் பெயரில் எம்கேவியை அழித்து எம்பி4 என்று மாற்றுவதால் உள்ளே ஒன்றும் மாறாது. டிவியில் ஓடவில்லை என்றால் அதற்கென்று ஒரு நகலை மாற்றிக்கொள்ளுங்கள். அசல் அப்படியே இருக்கட்டும்.

என் வழியில் இருக்கும் காவலூரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கிருக்கும் வைணு பாப்பு வானாய்வகத்தில் 1988இல் ஆர். ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ராமானுஜன் என்று அதற்குப் பெயர். நட்சத்திரங்களுக்கு நடுவே மங்கலாக நகரும் ஒரு புள்ளியைத் தேடுகிறவர்களுக்கு, கண் பொருட்படுத்தாத நுணுக்கம்தான் முக்கியம். நம் கைப்பேசியின் சுருக்குமுறை அப்படிப்பட்ட புள்ளியைத்தான் துடைத்துவிடும். அதனால் வானியலாளர்கள் 1981இல் வெளியான ஃபிட்ஸ் என்ற கோப்பு வடிவத்தை உலகம் முழுவதும் பயன்படுத்துகிறார்கள். விவரம் இழக்காமல் அதில் சேமிக்க முடியும். அன்று எழுதிய கோப்பை இன்றைய மென்பொருளும் திறக்க வேண்டும் என்பது அதன் விதி. வானத்துக்குக் கொடுக்கும் இந்த மரியாதையில் கொஞ்சத்தை, அதே மலையில் பாடும் பாட்டிகளின் குரலுக்கும் கொடுக்கலாம் என்பது என் ஆசை.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. வாட்ஸ்ஆப்பில் வீடியோவை வழக்கம்போல் அனுப்பினால் அது சுருங்கித்தான் போகும். 'டாக்குமென்ட்' என்று இணைத்து அனுப்பினால் 2 ஜிபி வரை அப்படியே போய்ச் சேரும். சிக்னல் எடுக்காத ஊர்களில் புளூடூத்தோ மெமரி கார்டோ போதும், அவையும் கோப்பைச் சுருக்குவதில்லை. வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்த்ததை எல்லோருக்கும் கொடுங்கள், ஆனால் வெட்டாததை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை மாற்றிச் சேமிக்கும்போதும் இன்னும் கொஞ்சம் கழிகிறது. நான் எழுதிக் கொடுத்த சிடிகள் பல இன்று படிக்க முடியாமல் இருக்கின்றன. ஆகவே ஹார்டு டிஸ்கில் ஒன்று, வேறொரு வீட்டில் இன்னொன்று என்று இரண்டு நகல் வேண்டும்.

மலைக்கு ஆவணப்படம் எடுக்கவும் ஆய்வு செய்யவும் வருகிறவர்கள், எடுத்ததன் அசலில் ஒரு பிரதியை அந்த ஊருக்குக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். இதை மாவட்ட நிர்வாகம் நிபந்தனையாகவே வைக்கலாம். ஊராட்சிக்கு ஒரு ஹார்டு டிஸ்க் வாங்குவது பெரிய செலவு இல்லை. மலையிலுள்ள அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில், கோப்பைக் காப்பது பற்றி ஆண்டுக்கு ஒரு வகுப்பு நடத்தினால் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்வார்கள். நூல்களையும் சுவடிகளையும் மின்வடிவில் சேர்த்துவரும் தமிழ் இணையக் கல்விக்கழகம், இந்த மலை மக்கள் தாங்களே எடுத்த வீடியோக்களுக்கும் ஓர் இடம் ஒதுக்க வேண்டும். அதுவரை காத்திருக்காதீர்கள். பழைய கைப்பேசியைக் கடையில் கொடுத்துப் புதியது வாங்கும் முன், அதிலுள்ள வீடியோக்களை மெமரி கார்டிலோ ஹார்டு டிஸ்கிலோ இறக்கி, ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.