கருணை வேண்டாம், விதி போதும்

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக். 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் போட்டி. தங்கம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த அமெரிக்க வீரர் மேத்யூ எம்மன்ஸ், கடைசிக் குண்டைப் பக்கத்து வீரரின் இலக்கில் சுட்டுவிட்டார். விதிப்படி பூஜ்ஜியம். எட்டாம் இடம்.

கொடுமை என்கிறார்கள். நியாயம் என்கிறேன். நடுவரின் விருப்புரிமை என்று ஒன்று இருந்தால், அது யாருக்காக வளையும்? தெரிந்த முகத்துக்கு, பெரிய வீட்டுப் பிள்ளைக்கு.

நமக்கு இது தெரியாததா? வன்கொடுமைப் புகாரில் வழக்குப் பதியும் முன்பே விசாரிக்கலாம் என்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதிகாரிக்கு இடம் கொடுத்தது. ஏப்ரல் 2 அன்று நாடே தெருவில் இறங்கியது. அதே ஆண்டு வந்த 18ஏ பிரிவு அந்த இடத்தை அடைத்தது.

தோழர்களே, சுடுதளமானாலும் காவல் நிலையமானாலும் சலுகை கேட்காதீர்கள். எழுதிய விதியைக் கேளுங்கள். மீறினால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.