கடனாளிக்கு ஆறுதல் வார்த்தை மட்டும் போதாது

வடக்கு, கிழக்கு மாகாணங்களில் கடன் சுமையினால் அல்லலுறும் ஏழைக் குடும்பங்கள் முதலில் நாடிச் செல்வது சட்டத்தரணியையோ வங்கி முகாமையாளரையோ அல்ல. சமூக சேவை உத்தியோகத்தர், சமுர்த்தி உத்தியோகத்தர், மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் போன்றோரிடமே அவை தமது துயரத்தை எடுத்துரைக்கின்றன. குடும்பத் தகராறு, பிள்ளையின் பாடசாலை இடைவிலகல் என்று முறையிடப்படும் விவகாரங்கள் சிலவற்றைத் துருவிப் பார்த்தால், அடியில் கடன் இருப்பதைக் காணலாம். அக்கடனைக் கணக்கிட்டு வழிகாட்டும் அறிவு இவ்வுத்தியோகத்தர்களுக்குப் போதிய அளவில் வழங்கப்பட்டுள்ளதா என்பதே நாம் எழுப்பும் வினாவாகும்.

2009 இல் யுத்தம் முடிவுற்றதன் பின்னர் நுண்கடன் நிறுவனங்கள் கிராமங்கள் தோறும் சென்று கடன் வழங்கின. சொத்துப் பிணை கோரப்படவில்லை. மாறாக, குழுவிலுள்ள பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நின்றனர். ஒருவர் தவணை தவறினால் ஏனையோர் செலுத்த வேண்டும் என்ற நிலையில், அயலவரே கடன் அறவிடுபவராக மாற நேர்ந்தது. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், அதனை அடைக்க மீற்றர் வட்டி எனச் சுமை பெருகியது. 2018 இல் இலங்கைக்கு வந்த ஐ.நா. சுயாதீன நிபுணர் ஜுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, சில நுண்கடன்களின் ஆண்டு வட்டி 220 வீதம் வரை சென்றிருந்ததைச் சுட்டிக்காட்டினார். அவ்வாண்டிலேயே வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்றிருந்த ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நிலுவைக் கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. அது பழைய கடனுக்கு மருந்தாயிற்றேயன்றி, புதிய கடன் முளைப்பதைத் தடுக்கவில்லை. பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்ட 2022 இன் நெருக்கடி, எஞ்சியிருந்த சேமிப்பையும் நகையையும் கரைத்தது.

இங்கு எளிய கணக்கொன்றைக் கவனிப்போம். 50,000 ரூபா கடனுக்கு 24 வீத வட்டி எனக் கூறப்படுகின்றது. வட்டி 12,000 ரூபாவையும் சேர்த்து 62,000 ரூபாவை 52 வாரத் தவணைகளில் செலுத்த வேண்டும். ஆனால் வாரந்தோறும் முதல் குறைந்து கொண்டே வர, வட்டியோ முழுத் தொகைக்கும் அறவிடப்படுகின்றது. ஆகவே உண்மையான ஆண்டு வட்டி 40 வீதத்தைத் தாண்டிவிடுகின்றது. இதனைக் கடதாசியில் எழுதிக் காட்டத் தெரிந்த ஓர் உத்தியோகத்தர், கையொப்பமிடுவதற்கு முன்னரே ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட முடியும். அது தெரியாதவரோ, நல்லெண்ணத்துடனேயே மற்றுமொரு சுயதொழில் கடனுக்குச் சிபாரிசு செய்துவிடக் கூடும்.

குடும்பத்தின் கடன்கள் அனைத்தையும் ஒரே தாளில் பட்டியலிடுதல், எதனை முதலில் அடைப்பது எனத் தீர்மானித்தல், தவணைப் பற்றுச்சீட்டுகளைப் பேணச் செய்தல், ஒப்பந்தத்தின் பிரதியைத் தமிழில் கேட்டுப் பெறுதல், அடகு நகை ஏலத்துக்குச் செல்லும் திகதியை அறிந்து வைத்தல், மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கு முறைப்பாடு எழுதுதல் என்பன கற்றுக்கொள்ள முடியாத கலைகளல்ல. கடன்பட்டவர் வெட்கத்தினால் மறைக்கும் கடனையும் குற்றஞ்சாட்டாது கேட்டறியும் பக்குவமும் இவற்றோடு சேர வேண்டும்.

அதேவேளை, நிதியறிவின்மையே வறுமைக்குக் காரணம் என்று பழியை ஏழைகள் மீது சுமத்துவதை நாம் ஏற்கவில்லை. வருமானம் போதாத வீட்டில் எந்தக் கணக்கும் மிச்சம் காட்டாது. மிதமிஞ்சிய வட்டியைக் கட்டுப்படுத்தும் கடமையிலிருந்து அரசாங்கம் விலகிக்கொள்ள இப்பயிற்சி ஒரு சாக்காகி விடலாகாது. 2016 இன் நுண்நிதியளிப்புச் சட்டம் இயற்றப்பட்ட பின்னரும் 2021 இல் ஹிங்குரக்கொடையில் கடனாளிப் பெண்கள் வீதியோரத்தில் வாரக்கணக்காகப் போராட வேண்டியிருந்தமை மறக்கத்தக்கதல்ல.

மத்திய வங்கி 2024 முதல் 2028 வரையான காலத்துக்கு நிதியியல் அறிவு வழிகாட்டித் திட்டமொன்றை வெளியிட்டுள்ளது. அத்திட்டத்தின் பயன் பாடசாலைகளுக்கும் வணிகர்களுக்கும் மட்டுமன்றி, பிரதேச செயலகங்களின் களப் பணியாளர்களுக்கும் தமிழ் மொழியிலேயே கிட்ட வேண்டும். சமூகப் பணியாளர்களைப் பயிற்றுவிக்கும் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகமும் இதில் முன்னிற்பது பொருத்தமாகும். கடன் அறவிட வருபவர் கணக்குத் தெரிந்தவராகவே வருகின்றார். கடனாளியின் பக்கத்திலும் கணக்குத் தெரிந்த ஒருவர் நிற்பதற்கு வழிசெய்யுமாறு சம்பந்தப்பட்ட அமைச்சுகளை வலியுறுத்த விரும்புகின்றோம்.